முள்ளுக்குள் இருந்த குளம்

பரமக்குடியிலிருந்து இளையான்குடி போகிற சாலையை விட்டு மண்பாதையில் இறங்கினால், கண்ணுக்கெட்டிய மட்டும் சீமைக் கருவேல்தான். நண்பர் ஒருவர் பாட்டனார் வைத்துவிட்டுப் போன புஞ்சையையும் அதிலிருந்த குளத்தையும் மீட்கத் தொடங்கியிருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போயிருந்தேன். “குளம் எங்கே?” என்றேன். முள்ளுக்கு மேலே தலை நீட்டிக்கொண்டிருந்த பனைகளைக் காட்டினார். கரையில் வரிசையாக வைத்த பனைகள். அந்த வரிசையைப் பிடித்துக்கொண்டு போய்த்தான் கரை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதையே கண்டுபிடித்தார்களாம்.

சீமைக் கருவேல் அமெரிக்கக் கண்டத்து மரம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவுக்கு வந்தது. விறகுக்கும் வேலிக்கும் ஆகும் என்று வளர்த்தார்கள். ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர்ப் பக்கம் தரிசு, கண்மாய், வரத்துக்கால் என்று எல்லாவற்றையும் அது பிடித்துக்கொண்டது. 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை அகற்றச் சொன்னது. 2022இல் தமிழ்நாடு அரசு அயல் தாவரங்களை அகற்றத் தனிக் கொள்கையே வெளியிட்டது. ஆனால் மழை பொய்த்த வருடங்களில் இந்தப் பக்கத்துக் கூலிக் குடும்பங்கள் பலவற்றுக்கு அடுப்பெரிந்ததும் இந்த முள்ளால்தான். மரத்தை ஒழிக்கப் புறப்படுகிறவர்கள் அந்தக் குடும்பங்களையும் கணக்கில் வைக்க வேண்டும். நண்பர் வைத்தார். இயந்திரத்தை விட்டு மொத்தமாகத் தள்ளி எரிக்காமல், கரிமூட்டம் போடுகிறவர்களைக் கூப்பிட்டார்.

நான் போனபோது கணவன், மனைவி, மனைவியின் தம்பி என்று ஒரு குடும்பம் வேலையில் இருந்தது. தம்பி ஒரு கையிலிருந்த கவைக்கம்பால் கிளையைத் தள்ளிப் பிடிக்க, மறு கையிலிருந்த அரிவாள் அடியில் இறங்கியது. முள் தைத்து உள்ளே ஒடிந்தால் சீழ் வைத்துவிடும். கால்களில் டயர்ச் செருப்பு. கைக்கு எதுவும் இல்லை.

மூட்டம் போடும்போது, பருமனான கட்டைகளை நடுவிலும் மெல்லியவற்றைச் சுற்றிலும் நெருக்கி அடுக்கி, மேலே தழையும் வைக்கோலும் பரப்பி, ஈர மண்ணைப் பூசி மூடுகிறார்கள். தீ வைக்க ஒரு வாய், புகை போக அங்கங்கே துளை. வேலையே அதற்குப் பிறகுதான். முதலில் கனத்த வெள்ளைப் புகை வருகிறது; அது மரத்தின் ஈரம். ஈரம் போகப் போகப் புகை மெலிந்து நீலம் தட்டுகிறது. நீலம் தட்டிய பக்கத்துத் துளையை அடைத்து, வேகாத பக்கம் புதிதாகத் துளை போடுகிறார்கள். உள்ளே கட்டை சுருங்கும்போது மேல்மண் சரியும். சரிந்த இடத்தை உடனே மூடாவிட்டால் காற்றுப் புகுந்து உள்ளே இருப்பது முழுக்கச் சாம்பலாகிவிடும். அதனால் ராத்திரியிலும் மூட்டத்துக்குப் பக்கத்தில் ஒருவர் மாற்றி ஒருவர் விழித்திருக்கிறார்கள்.

“அசந்தா அம்புட்டுக் கூலியும் போச்சுண்ணே” என்றார் அந்தக் குடும்பத்து அக்கா. முகத்தில் துண்டு, கண்ணெல்லாம் சிவப்பு. மூட்டத்தைப் பிரித்ததும் கரியைத் தரம் பிரிப்பது அவர் வேலை. தூர்க் கரி தனி, உருட்டுக் கரி தனி, குச்சி தனி, தூள் தனி. தூர்க் கரி கெட்டி, நின்று எரியும், விலையும் கூட என்றார். சீமைக் கருவையை மண்ணுக்கு மேலே எத்தனை முறை வெட்டினாலும் மறுபடி துளிர்க்கும். தூரோடு பெயர்த்தால்தான் சாகும். தூருக்கு விலை இருப்பதால் அவர்களே கடப்பாரை போட்டுக் கல்லித் தூரை எடுக்கிறார்கள். நிலத்துக்காரருக்கு எது தொலைய வேண்டுமோ அதுதான் அவர்களுக்குக் காசு. இப்படி ஒரு பொருத்தம் கையிலிருக்க, முள்ளை வெறுமனே கொளுத்துவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

வெட்டுக்கு முன்பே நண்பர் ஒரு வேலை செய்திருந்தார். முள்ளுக்குள் புகுந்து, உள்ளே தப்பிப் பிழைத்துக் கிடந்த வேம்பு, உசிலை, வெள்வேல், இலந்தை, சங்கஞ்செடி எல்லாவற்றிலும் பழைய சேலைக் கிழிசலைக் கட்டி வைத்திருந்தார். துணி கட்டியதை வெட்டக் கூடாது என்பது பேச்சு. வெளிச்சத்தைத் தேடி ஒரே பக்கமாகச் சாய்ந்து வளர்ந்த ஓர் உசிலங்கன்றைப் பார்த்தேன். விரல் பருமன்தான், ஆனால் பல வருடத்து வேர். புதிதாக நடும் எந்தக் கன்றும் அதற்கு ஈடாகாது. ஆங்காங்கே மேலே வெயில் படும்படி கருவையை எடுத்துவிட்டால் போதும், காடு தானே எழும்பும்.

எல்லையில் மட்டும் கருவையை வேலியாக விட்டுவைத்திருந்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆட்டுக்கிடை போட வந்த கீதாரியும் அதையே சொன்னார்: “காய் தின்ன ஆடு படுத்த இடத்துல அடுத்த மழைக்கு முள்ளுதான் தம்பி மொளைக்கும்.” காய் முதிரும் கோடையில் கிடையைத் தள்ளிப் போடச் சொல்லிவிட்டுப் போனார்.

குளத்துக்குள் ஜேசிபி இறங்கிய அன்று, படுகையில் ஒரு பெரியவர் குந்தியிருந்தார். எழுபதைத் தாண்டியவர், ஆயுள் முழுக்கக் கண்மாய்களில் மண்வேலை செய்தவர். மேலே கரம்பை, காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும் கறுப்பு வண்டல். அதற்கடியில் களி. அதற்கும் கீழே வெளுத்த சுக்கான் மண். தண்ணீரைத் தாங்குவது நடுவிலிருக்கும் களி. அதைக் கிழித்துவிட்டால் எவ்வளவு மழை பெய்தாலும் குளத்தில் நிற்காது. வாளி அள்ளிப் போடும் மண்ணில் ஒரு பிடி எடுத்து, தண்ணீர் தெளித்துப் பிசைந்து, உள்ளங்கையில் வைத்து உருட்டினார். திரியாக நீண்டு, வளைத்தாலும் முறியாமல் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து எடுத்த பிடி வளைக்கும்போதே விண்டு, வெள்ளைப் பொடி தட்டியது. எழுந்து கையை உயர்த்தினார். “ஏப்பா, நிப்பாட்டு. இதுக்குக் கீழ போனா தண்ணி நிக்காது.”

நண்பருக்கு இன்னும் ஆழம் வேண்டுமென்று ஆசை. “ஐயா, இன்னும் ரெண்டடி...” என்று இழுத்தார்.

“அகலத்துல எடுங்க தம்பி. ஆழத்துல கைய வைக்காதீங்க.”

கடலோரத்து ஊருணிகளில் இன்னோர் ஆபத்தும் உண்டு: அளவுக்கு மீறித் தோண்டினால் அடியிலிருந்து உவர்நீர் ஊறும். இவ்வளவு தெரிந்த ஒருவர் பக்கத்தில் நிற்காமல், மணிக்கணக்கு வாடகைக்கு ஓடும் இயந்திரத்தைக் குளத்துக்குள் விடவே கூடாது.

எடுத்த கரம்பை டிராக்டரில் வயலுக்குப் போனது. இந்தப் பக்கம் அது நல்ல எரு. மேலாக எடுத்த களி கரைக்குப் போனது. விளிம்பிலேயே குவித்தால் முதல் மழையில் மண் திரும்பக் குளத்துக்குள் வந்துவிடும் என்று நாலடி தள்ளிப் போட்டு, அடுக்கடுக்காகத் தண்ணீர் தெளித்துத் திம்சு போட்டு இறுக்கினார்கள்.

ஆனால் குளத்தை உயிர்ப்பித்தது மழைநீரைக் கொண்டுவரும் வரத்துக்கால். இந்த வட்டாரத்தில் ஆண்டு மழை ஏறத்தாழ 800 மில்லிமீட்டர். பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிடும். ஓர் ஏக்கரில் ஓர் அங்குலம் பெய்தால் ஏறத்தாழ 1 லட்சம் லிட்டர் தண்ணீர். அது குளத்துக்கு வந்து சேர வேண்டும். வரத்துக்காலோ பக்கத்துப் புஞ்சைக்காரரின் உழவுக்குள் கரைந்து போயிருந்தது. பெரியவர் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் குழாயை வைத்து மட்டம் பார்த்து, பழைய கால் போன தடத்தை முளையடித்துக் காட்டினார். பக்கத்துக்காரரிடம் பேசியதும் பெரியவர்தான். தண்ணீர் அவர் கிணற்றுக்கும் ஊறும் என்பதைப் பொறுமையாகச் சொல்லிச் சம்மதம் வாங்கினார். கால் குளத்தில் சேரும் இடத்துக்கு முன்பாக வண்டல் தங்க ஒரு குழி, எதிர்க்கரையில் மிச்சத் தண்ணீர் வழியக் கல் பரப்பிய மறுகால். செலவைப் பார்த்தால் தோண்டியதில் சிறு பங்குகூட ஆகாத வேலைகள் இவை.

மழைக்குப் பிறகு மறுபடி போனேன். குளத்தில் தண்ணீர் நின்றது. முள் வெட்டிய இடம் முழுக்கக் கருவை நாற்று, விரற்கடை உயரத்தில். மண்ணில் கிடந்த விதைகள் முளைத்திருந்தன. ஈரம் இருக்கும்வரை பிடித்து இழுத்தால் வேரோடு வருகிறது. தை பிறந்து மண் இறுகிவிட்டால் மறுபடி கடப்பாரைதான். ஊர்ப் பெண்கள் நாலைந்து பேர் வரிசையாகக் குனிந்து பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கான கூலியை நண்பர் கடன் வாங்கித்தான் கொடுத்தார். கையிலிருந்தது முழுக்க முதல் கோடையிலேயே தீர்ந்துபோயிருந்தது. இப்படி முள்ளை அகற்றி அடுத்த மழையைக் கவனிக்காமல் விட்டு, பழையபடி அடர்ந்துபோன குளங்களை இந்த வட்டாரத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

உங்களுக்கும் இப்படி ஒரு நிலம் இருந்தால், இயந்திரத்துக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் ஊரில் மண்வேலை தெரிந்த பெரியவர் யாரென்று விசாரித்து, அவரை அழைத்துப் போய் வரத்துக்காலை நடந்து பாருங்கள். முள்ளை எரிக்காமல் கரிமூட்டக்காரர்களிடம் விடுங்கள். ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கை அடுத்த இரண்டு மழைக்காலக் களையெடுப்புக்கென்று தொடாமல் வையுங்கள்.