பழைய கணக்கும் புதிய நிறைவும்

லேசர் பிரிண்டரில் டோனர் கார்ட்ரிட்ஜை மாற்றிய பின்னரும், டோனர் தீர்ந்ததென்னும் எச்சரிக்கை சிலபோது மறைவதில்லை. புதிதாய் வாங்கிய கார்ட்ரிட்ஜெனில், பாதுகாப்பு நாடா முழுவதும் உருவப்பட்டுள்ளதா, கார்ட்ரிட்ஜ் தன் இடத்தில் சரியாக அமர்ந்துள்ளதா என முதலில் நோக்குவோம். அதன் சிப்பின் உலோகப் பரப்பில் தூசு படிந்திருப்பின், உலர்ந்த மென்துணியால் துடைப்போம்.

மீண்டும் தூள் நிரப்பிய கார்ட்ரிட்ஜின் நிலை வேறு. பல பிரிண்டர்கள் உள்ளிருக்கும் தூளை அளந்து பார்ப்பதில்லை. அச்சிட்ட பக்கங்களைக் கணக்கிட்டுச் சிப்பில் குறித்துவைக்கின்றன. ஆதலால் நிறைந்ததையும் அப்பழைய கணக்கு வெறுமை என்றே சாற்றும். சிப்பையும் மாற்றினால் கணக்குப் புதிதாகும். விற்றுவிட்ட கார்ட்ரிட்ஜின்மேல் விற்றவரின் காப்புரிமை தொடராதென அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்தது. சிப்போ எத்தீர்ப்பையும் அறியாது.

சிற்றலுவலகம் ஒன்றுக்குப் புதிய கார்ட்ரிட்ஜ் சிறு செலவன்று. ஆகவே, எச்சரித்தும் அச்சிட மறுக்காத பிரிண்டரெனில், நாம் ஒரு தாளை அச்சிட்டுப் பார்ப்போம். எழுத்துக் கருமையாய் விழுந்தால் பணியைத் தொடர்வோம், வெளிறினால் மாற்றுவோம். பழைய கணக்கைக் கொண்டு இன்றைய நிறைவை மறுக்கும் வழக்கம் பொறிக்கு மட்டுமா உரியது? மனிதரை நாம் அளக்கும்போதும் ஒரு தாளை அச்சிட இடமளிப்போமாக!