எழும்பூர் ரயிலடியில் இனாம்

தெற்குச் சீமையிலிருந்து புறப்பட்ட வண்டிகள் பல விடியற்காலையில் வந்து நிற்குமிடம் சென்னை எழும்பூர். 1908-ல் திறந்த அந்தச் செங்கட்டடத்தை அண்ணாந்து வியக்கும் நம்மவர், சிவப்புச் சட்டையும் பித்தளை வில்லையுமாய் எதிர்ப்படும் போர்ட்டரிடம் உடனே பேரம் தொடங்கிவிடுகிறார்கள். அவருக்கு ரயில்வேயில் மாதச் சம்பளம் கிடையாது, சுமைகூலியே ஜீவனம். அதற்கும் ரயில்வேயே விகிதம் வகுத்திருக்கிறது. 2016-ஆம் வருஷத்து ரயில்வே பட்ஜெட்டில் 'சஹாயக்' என்று புதுப்பெயரும் சூட்டினார்கள். நம் நாவுக்கு அது இன்னும் படியவில்லை!

விகிதத்தில் இருபது ரூபாயைக் குறைத்துவிட்டு, பின்பு ஐந்து ரூபாயை 'இனாம்' என்று நீட்டுவது என்ன தர்மமோ! கூலி நாம் பட்ட கடன். பாட்டியின் டிரங்குப் பெட்டியோடு மாவடு ஜாடியையும் மேம்பாலம் ஏற்றி இறக்கியவருக்கு முதலில் அதைத் தீர்த்துவிட வேண்டும். அதற்குமேல் மனமுவந்து கொடுப்பதே இனாம். சில்லறையை முன்னரே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்; வண்டி நகரும் சமயம் ஜன்னல் வழியே எறியாமல், கையில் கொடுங்கள்.