அனல் கண்ட செம்பு

தியானப் பகுதி: யோவான் 21:9–17



சில மாதங்களாக எங்கள் வீட்டுப் பின்கட்டில் சுத்தியல் ஓசை கேட்கிறது. என் துணைவியார் செம்புக் கம்பியில் காப்பும் தோடும் செய்யப் பழகி வருகிறார். மேலுறையை உரித்தெடுத்த தடித்த மின்கம்பி, சிறு சுத்தியல், இடுக்கி, அரம், அடைகல்லுக்குப் பதிலாக ஒரு கனத்த இரும்புத் துண்டு. இவ்வளவுதான் அவருடைய பட்டறை.

சென்ற சனிக்கிழமை மாலை, பிரசங்கக் குறிப்புகளை முடித்துவிட்டு நானும் ஒரு காப்புச் செய்ய அமர்ந்தேன். தொடக்கத்தில் கம்பி இணக்கமாகத் தட்டையாயிற்று. பின்னர் அடி விழ விழ விறைத்துக்கொண்டது. நான் விடாமல் இன்னும் ஓங்கி அடித்தேன். ஓரங்களில் மெல்லிய வெடிப்புகள் தோன்றின. வளைக்க முயன்றபோது இரண்டாக முறிந்தது.

"என்னங்க, இப்படி ஓயாம தட்டினா உடையத்தான் செய்யும். நடுவுல அனல் காட்டணும்" என்றார் துணைவியார்.

பிறகு தாம் தட்டிக்கொண்டிருந்த கம்பியை இடுக்கியால் பிடித்து, அடுப்புச் சுடரில் மங்கிய சிவப்பாகும்வரை காய்ச்சி, தண்ணீரில் போட்டார். எஃகை அவ்வாறு செய்தால் கடினமாகும், செம்போ இளகிவிடுகிறது. அடிபடும்போது செம்பின் உள்ளேயிருக்கும் நுண்படிகங்கள் நசுங்கி இறுகுகின்றன; அனல் பட்டதும் அவை புதிதாக உருவாகின்றன. கறுத்திருந்த கம்பியைப் புளியும் உப்பும் இட்டுத் தேய்த்துவிட்டு, மீண்டும் தட்டத் தொடங்கினார். அந்த ஒரு காப்பு முடிவதற்குள் மூன்று முறை அனல் காட்ட வேண்டியிருந்தது.

முறிந்த துண்டுகளைக் கையில் வைத்திருந்தபோது, வெளியூரில் வேலை செய்யும் என் மகன் நினைவுக்கு வந்தான். அவன் ஆலயத்திற்குச் செல்வதை நிறுத்தி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஒவ்வொரு ஞாயிறு மாலையும் தொலைபேசியில் நான் கேட்கும் முதற்கேள்வி, "இன்னைக்குக் கோவிலுக்குப் போனியா?" என்பதே. அவனுடைய பதில்கள் வரவரச் சுருங்கின. பிறகு அழைப்பை எடுப்பதே அரிதாயிற்று. பிள்ளையின் இருதயம் கடினப்பட்டுவிட்டதென்று ஜெபத்தில் முறையிட்டு வந்தேன். கடினப்படுத்தியதில் என் சுத்தியலுக்கும் பங்குண்டு என்று அன்றுதான் உணர்ந்தேன்.

தம்மை மறுதலித்த பேதுருவை உயிர்த்தெழுந்த ஆண்டவர் எவ்வாறு சந்தித்தார்? கரையிலே கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் ஆயத்தப்படுத்தி, முதலில் சாப்பிட அழைத்தார். உணவு முடிந்த பின்னரே அந்தக் கேள்வியைக் கேட்டார். கேளாமல் விட்டுவிடவில்லை, மூன்று முறை கேட்டார், பேதுருவுக்கு அது வலித்தது. சுத்தியல் இல்லாமல் காப்பு உருவாவதில்லை. ஆனாலும் நெருப்பும் விருந்தும் முந்திக்கொண்டன.

மறுநாள் மாலை மகனை அழைத்தேன். நான்காவது முயற்சியில் எடுத்தான். சாப்பிட்டாயா என்று கேட்டேன். காப்பு உடைந்த கதையைச் சொன்னேன். வெகு காலத்திற்குப் பிறகு அவன் சிரித்ததைக் கேட்டேன். ஆலயத்தைப் பற்றி அன்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. ஆனால் அழைப்பை முடிக்கும்முன், "அடுத்த வாரமும் கூப்பிடுங்கப்பா" என்றான்.

உங்கள் வீட்டிலும் அடிபட்டு விறைத்துப்போன ஒருவர் இருக்கலாம். இந்த வாரம் அவரோடு அமர்ந்து ஒருவேளை உணவு உண்ணுங்கள்.

ஜெபம்: அன்பின் ஆண்டவரே, எங்கள் கண்டிப்புக்கு முன்னே உம்முடைய அன்பின் அனல் செல்லட்டும். நாங்கள் இறுகச் செய்த இருதயங்களை நீரே இளகச் செய்தருளும். ஆமென்.