அமுங்கியதும் அறுந்ததும்

சொரசொரப்பான மரத்தைக் கண்டால் நம்மில் பலருக்கு உடனே உப்புத்தாள் ஞாபகம் வந்துவிடுகிறது. தேய், இன்னும் தேய், வழவழக்கும் வரை தேய்! மேஜை நாற்காலிகளுக்கு இந்த வைத்தியம் சரி. பில்லியர்ட்ஸ் கோலுக்குச் சரிப்படாது.

ஆடுகிறவர்கள் 'கியூ' என்று சொல்லும் அந்தக் கோல் சுமார் நாலே முக்கால் அடி நீளம். கைப்பிடியிலிருந்து சிறுகச் சிறுக ஒடுங்கி, பந்தைத் தொடும் நுனியில் 9 அல்லது 10 மில்லிமீட்டர் பருமனில் வந்து நிற்கும். ஒரு மயிரிழை குறைந்தாலும் பழகின கை கண்டுபிடித்துவிடும்.

என் அண்ணாவின் கியூ ஆஷ் மரத்தாலானது. 25 வருஷம் மாலை வேளைகளில் ஊர்க் கிளப்பில் அதை வைத்துக்கொண்டு ஆடினார். 1958-ல் கல்கத்தாவில் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டத்தை வென்ற வில்சன் ஜோன்ஸைப் பற்றி யார் கிடைத்தாலும் பேசுவார். ஸ்னூக்கர் விதிகளை எழுதி மாட்டியது நம் உதகமண்டலத்துக் கிளப்பில்தான் என்பதில் அவருக்கு ஏதோ சொந்தப் பெருமை. பேசாதது ஒருவரிடம்தான். தம் பிள்ளையிடம் கடைசி மூன்று வருஷம் அவர் பேசவில்லை, அவனும் பேசவில்லை.

அவர் காலமாகி ஒரு வருஷம் கழித்து அவன்தான் அந்தக் கியூவைப் பரணிலிருந்து எடுத்தான். நுனிப் பக்கம் இரண்டு பள்ளங்கள், ஒரு கீறல். வியர்வையும் நீலச் சாக்பீஸ் தூளும் கலந்த பிசுக்கு வேறு.

"சித்தப்பா, உப்புத்தாள் போட்டு நன்றாக இழைத்துவிட்டால் புதிசாகிவிடும்" என்றான்.

கிளப் மார்க்கரிடம் அழைத்துப் போனேன். மார்க்கர் என்றால் ஆட்டத்தில் எண்ணிக்கை சொல்கிறவர்; கோல்களுக்கு வைத்தியரும் அவரே. வாங்கிப் பார்த்தார், விரலால் தடவினார்.

"இழைச்சா பள்ளம் போகாது, தம்பி. பள்ளத்தைச் சுத்தியிருக்கிற மரந்தான் போகும். போன மரம் திரும்பி வராது" என்றார்.

முதலில் ஈரம் பிழிந்த துணியால் பிசுக்கைத் துடைத்தார். பிறகு ஒரு சின்ன ஈரத் துணியைப் பள்ளத்தின் மேல் போட்டு, இஸ்திரிப் பெட்டியின் முனையால் இரண்டு விநாடி தொட்டு எடுத்தார். புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. பார்த்தார், மறுபடி தொட்டார். பள்ளம் விழுந்த இடத்தில் மரம் குறைந்துவிடவில்லை, நசுங்கிக் கிடக்கிறது, அவ்வளவுதான். ஈரமும் சூடும் உள்ளே போனால் அந்த நார்கள் உப்பி எழுந்துகொள்கின்றன. நாலைந்து தடவையில் இரண்டு பள்ளங்களும் மேலே வந்துவிட்டன.

"இந்தக் கீறல்?" என்றான் பையன்.

"அமுங்கினது எழும்பும், தம்பி. இது அறுந்தது. ஆவிக்கு எழும்பாது. ஓரத்துச் சிலும்பை மட்டும் எடுத்துடறேன், கையிலே தட்டாது. தழும்பு இருக்கும்."

அவன் ஒன்றும் சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

கோல் ஒரு நாள் முழுக்கக் காய்ந்தது. மறுநாள் மார்க்கர் மிக நைஸான 1000-ம் நம்பர் தாளால், மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே, தடவிக் கொடுப்பதுபோல் நாலு இழுப்பு இழுத்தார். பிறகு தோல் துண்டைச் சுற்றிப் பிடித்து, உள்ளங்கைக்குச் சூடு தெரியும்வரை மேலும் கீழும் உருவினார். பளபளப்பு அதில்தான் வந்தது. கடைசியாக ஆளிவிதை எண்ணெய் மூன்று சொட்டு விட்டுத் தேய்த்து, மிச்சத்தைச் சுத்தமாகத் துடைத்தெடுத்தார்.

"சுவரிலே சாய்ச்சு வைக்காதீங்க, வளைஞ்சுடும். ஆடி முடிச்சதும் துடைச்சுடணும். அப்பா ஒரு நாள்கூட விட்டதில்லை" என்று சொல்லி அவன் கையில் கொடுத்தார்.

இப்போது வாரத்தில் இரண்டு நாள் கிளப்புக்குப் போகிறான். ஆட்டம் இன்னும் சுமார்தான். ஆனால் துடைக்காமல் கியூவைப் பெட்டியில் வைப்பதில்லை. துடைக்கும்போது துணி அந்தக் கீறலுக்கு வந்ததும் அவன் கை கொஞ்சம் மெதுவாகப் போவதை நான் பார்த்திருக்கிறேன்.