கியா பார்மில் மூன்று நாள், காரில்லாமல்

பள்ளி விடுமுறையில் கேமரன் மலை ஏறியவர்களிடம் கியா பார்ம் என்று சொல்லிப் பாருங்கள், முதலில் ஒரு பெருமூச்சு வரும். பிரிஞ்சாங்கிலிருந்து கியா பார்ம் வரை சில கிலோமீட்டர்தான். அதைக் கடக்க இரண்டு மணி நேரம் காரிலேயே உட்கார்ந்திருந்த கதை எல்லாக் குடும்பத்திலும் உண்டு. இறங்கியதும் அவித்த சோளம், ஸ்ட்ராபெரி, ஒரு பூந்தொட்டி, நாலு படம். பிறகு மறுபடியும் கார்.

என் தோழி ஒருத்தி சென்ற ஆண்டு கணவரோடு முதுகுப்பையை மாட்டிக்கொண்டு ஐரோப்பா சுற்றி வந்தாள். பார்சிலோனாவில் மட்டும் நான்கு நாள். "பஸ், நடை, மறுபடியும் நடை. அப்பத்தான் ஊர் தெரிஞ்சுது" என்றாள். செலவைக் கேட்டபின் நானும் என் கணவரும் கணக்குப் போட்டோம். ஸ்பெயின் கொஞ்சம் காத்திருக்கட்டும், அதே பாணியில் கேமரன் மலைக்குப் போவோம் என்று முடிவானது. இன்னொரு காரணமும் இருந்தது. என் கணவரின் பாட்டி இந்த மலையில் கொழுந்து கிள்ளியவர். குடும்பத்தில் எல்லாருக்கும் அது தெரியும். எந்தத் தோட்டம், எந்தச் சரிவு என்று ஒருவருக்கும் தெரியாது.

கோலாலம்பூரிலிருந்து தானா ராத்தா வரை பேருந்து. தாப்பாவில் நெடுஞ்சாலையை விட்டுப் பிரிந்ததும் வளைவுகள் தொடங்கிவிடும். வயிறு இளகியவர்கள் முன் இருக்கையாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். லாத்தா இஸ்கண்டார் அருவியைத் தாண்டினால் பூர்வகுடி மக்களின் சிறு கடைகள், மூங்கில், காட்டுத் தேன். இந்தத் தாப்பா சாலை 1931ல்தான் முழுமையாகத் திறந்தது. அளவையாளர் வில்லியம் கேமரன் இந்த மேட்டுநிலத்தைப் பற்றி எழுதியது 1885ல். நாற்பது ஆண்டுகள் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1925ல் ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்தபின் மலைவாசத் தலம் உருவானது. தானா ராத்தாவிலிருந்து டாக்சியில் கியா பார்ம். ஓட்டுநர் தமிழர். "ரெண்டு பேரும் கார் இல்லாமலா வந்தீங்க?" என்று மூன்று முறை கேட்டுவிட்டார்.

வானொலியில் காலை நிகழ்ச்சி செய்கிறவளுக்கு விடிவதற்கு முன் எழுவது பழக்கம். முதல் முறையாக அந்தப் பழக்கத்துக்கு நன்றி சொன்னேன். காலை ஆறரைக்குக் கியா பார்ம் வேறு ஊர். பயணிகள் கூட்டம் இல்லை. பனிமூட்டத்துக்குள் பழைய லேண்ட் ரோவர்கள் முட்டைக்கோசும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு இருமிக்கொண்டே வருகின்றன. சீனர் ஒருவர் எடை போடுகிறார், வங்காளதேச இளைஞர்கள் பெட்டி அடுக்குகிறார்கள். உங்கள் வீட்டு சாம்பாரில் விழும் காயில் ஒரு பங்கு இங்கிருந்து இறங்கியதாக இருக்கலாம்.

குளிர் ரசிக்கும்படியான குளிர்தான். ஆனால் 1978 பிப்ரவரி 1 அன்று கேமரன் மலையில் 7.8 டிகிரி பதிவானது. நாட்டில் பதிவானவற்றிலேயே மிகக் குறைந்த வெப்பம் அது. அந்தக் காலத்து லயத்து வீட்டில், தகரக் கூரைக்குக் கீழே, ஒரு கம்பளியோடு இருந்தவர்களை நினைத்துக்கொண்டேன்.

வெளிச்சம் வந்தபின் தெரிகிற காட்சி அவ்வளவு அழகில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். எதிர்ச் சரிவு முழுக்கப் பிளாஸ்டிக் கூரைகள். காடு வெட்டிய மண் மழையில் கரைந்து ஆற்றில் சேர்கிறது. ஆறு அதை ரிங்லெட் நீர்த்தேக்கத்தில் கொண்டுபோய்க் கொட்டுகிறது. 2013 அக்டோபரில் கனமழைக்குப் பிறகு அங்குள்ள அணை நீர் திறந்துவிடப்பட்டபோது பெர்தாம் வேலியில் உயிர்கள் போயின. மலிவான தக்காளிக்கு இப்படியும் ஒரு விலை இருக்கிறது.

சக்கரவள்ளிக் கிழங்கு விற்றுக்கொண்டிருந்த அம்மா ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தோம். வயது எழுபதை நெருங்கும். தோட்டத்திலேயே பிறந்து, பதினைந்து வயதில் கொழுந்துக் கூடை மாட்டியவர்.

"அப்ப எல்லாம் கையாலதாம்மா. ரெண்டு இலை, ஒரு மொட்டு. சாயந்திரம் பாத்தா விரல் கறுத்துப் போயிருக்கும். பொறவுதான் கத்திரி வந்துச்சு."

என் கணவர் பாட்டி கதையைச் சொன்னார். "பேரு என்ன தம்பி?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தார். தெரியவில்லை. "எத்தனையோ பேரு இருந்தாங்க. வேலை முடிஞ்சா வீட்டை விட்டுடணும். ஈப்போவுக்கும் கே.எல்.லுக்கும் போயிட்டாங்க. இப்ப லயத்துல பங்களாதேஷ் பிள்ளைங்கதான். அதுங்களும் நம்மள மாதிரி கப்பலேறி வந்ததுங்கதானே, பாவம்."

அன்று பகல் தேயிலைத் தோட்டத்துக்கு நடந்தோம். பிரிஞ்சாங்குக்கும் கியா பார்முக்கும் இடையில் ஒரு சிறு சாலை பிரிந்து சுங்கை பாலாஸ் போகிறது. நிதானமாக நடந்தால் ஒன்றரை மணி நேரம். சாலை குறுகல், கார்கள் உரசிக்கொண்டு போகும், ஓரமாக நடக்கவேண்டும். ஆனால் காரில் போனால் கேட்காத சத்தங்கள் கேட்கும். கத்திரியின் 'சரக் சரக்', சரிவின் மேலிருந்து யாரோ கூப்பிடும் குரல். முதுகில் பை நிறையக் கொழுந்தோடு இறங்கி வந்த இளைஞர் ஒருவர் சிரித்துவிட்டுப் போனார். அந்தச் சரிவில் வெறும் கையோடு நிற்பதற்கே எங்களுக்குக் கால் நடுங்கியது.

போ நிறுவனத்தை ஜே.ஏ. ரஸ்ஸல் 1929ல் தொடங்கினார். இலங்கையில் தேயிலை அனுபவம் பெற்ற ஏ.பி. மில்ன் அவருடன் சேர்ந்தார். கோவேறு கழுதைகள், ஒரே ஒரு நீராவி உருளை இயந்திரம், கூலியாட்கள். இவற்றை வைத்துத்தான் காடு தோட்டமானது என்று அந்த வரலாற்றைச் சொல்வார்கள். 1933ல் அகர்வால் குடும்பத்தின் பாரத் தேயிலை வந்தது. முதலாளிகளின் பெயர், ஆண்டு எல்லாம் நமக்குக் கிடைக்கிறது. அந்தக் 'கூலியாட்கள்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இருப்பவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். அவர்களுக்குத்தான் பெயரில்லை. பார்சிலோனாவில் கௌடி யார் என்று குழந்தைக்கும் தெரியும், அவருக்குக் கல் சுமந்தவரைத் தெரியாது. அங்கேயும் இதே கதைதான் போலும்.

தேயிலைச் செடியை வெட்டாமல் விட்டால் மரமாகிவிடும் தெரியுமா? இடுப்பளவில் பச்சைப் பாய் விரித்தாற்போல இருப்பதற்குக் காரணம், தலைமுறை தலைமுறையாக ஓயாமல் நடக்கும் கவாத்தும் கிள்ளுதலும்தான். நாம் படம் எடுப்பது இயற்கை அழகை மட்டுமல்ல, பலருடைய முதுகுவலியையும் சேர்த்துத்தான். தொழிற்சாலையில் கொழுந்து வாடுவது, உருட்டுவது, நிறம் மாறுவது, உலர்வது எல்லாம் வரிசையாகப் பார்க்கலாம். ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தேயிலையாகிறது. பள்ளத்தாக்கின்மேல் நீட்டிக்கொண்டிருக்கும் உணவகத்தில் இடம் பிடிக்க வரிசையில் நின்றோம். தேநீர் சுமார்தான், காட்சி அபாரம்.

திரும்பும் வழியில் தோட்டத்து ஓரமாகச் சின்ன அம்மன் கோயில். சுவரில் திருப்பணிக்குக் கொடுத்தவர்களின் பெயர்கள் சிமெண்டில் எழுதியிருந்தன. பத்து வெள்ளி, ஐந்து வெள்ளி, இரண்டு வெள்ளி. என் கணவர் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். பாட்டியின் பெயர் இல்லை. ஆனாலும் முழுப் பட்டியலையும் படித்து முடித்துவிட்டுத்தான் நகர்ந்தார். நான் அவசரப்படுத்தவில்லை.

மூன்றாம் நாளில் அதிகமில்லை. பிரிஞ்சாங்கில் முருகன் கோயில், சூடான தோசை. தாய்லாந்துப் பட்டு வணிகர் ஜிம் தாம்ப்சன் 1967ல் தானா ராத்தா அருகே நடக்கப் போய்த் திரும்பாமலே போன கதையை விடுதிக்காரர் சுவை குறையாமல் சொன்னார். 2,031 மீட்டர் உயரமுள்ள பிரிஞ்சாங் சிகரமும் பாசிக்காடும் அந்த மழையில் எங்களுக்கு வாய்க்கவில்லை. போக நினைப்பவர்கள் பாதை திறந்திருக்கிறதா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். சுங்கை பாலாஸ் தேயிலை மையத்துக்கு எந்த நாள் விடுமுறை என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். வார நாளில் போனால் நெரிசலும் இல்லை, அறை வாடகையும் குறைவு. குளிர்சட்டையோடு மழைச்சட்டையும், பிடிப்புள்ள காலணியும் அவசியம்.

ஈப்போவுக்கு இறங்கும் பேருந்து ஏறுவதற்கு முன் கிழங்கு விற்கும் அம்மாவிடம் போனோம். இரண்டு கிலோ கேட்டோம். நிறுத்துவிட்டு, மேலே நாலு கிழங்கைப் போட்டார். "உங்க பெரியவங்க யாராச்சும் பழைய படம் வச்சிருந்தா அடுத்த தடவ கொண்டாங்க தம்பி. பேரு மறந்தாலும் மொகம் மறக்காது" என்றார். என் மாமியார் வீட்டு அலமாரியில் ஒரு படம் இருக்கிறது.