சித்திரை வரட்டும், பார்க்கலாம்

போன அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு உட்கார்ந்தால், அமெரிக்காவிலிருந்து தங்கை வீடியோ காலில் வந்தாள். அவளுக்கு அது காலை நேரம். வட கரோலினாவில் ஆஷ்வில் பக்கத்தில், ப்ளூ ரிட்ஜ் மலையில் ஒரு சின்ன கிராமத்தில் வீடு. "அக்கா, பேசாம பாரு" என்று சொல்லி போனை வெளிப்பக்கம் திருப்பினாள்.

மலை முழுக்க நிறம். மஞ்சள், ஆரஞ்சு, ரத்தச் சிவப்பு. வாசல் படியெல்லாம் இலை. உச்சியில் இருக்கிற மரங்கள்தான் முதலில் நிறம் மாறுமாம். குளிர் இறங்க இறங்க அந்த நிறமும் படிப்படியாகக் கீழே இறங்கி வருமாம்.

கட்டிலில் படுத்திருந்த அப்பா எழுந்து வந்து போனை வாங்கிக்கொண்டார். ஐம்பது வருஷம் பட்டுத்தறியில் உட்கார்ந்த மனிதர். அவருக்குத் தெரிந்த பாஷையில்தான் பார்ப்பார். "அது அரக்கு. பக்கத்துல இருக்கறது மாம்பழ மஞ்சள். கீழ கிடக்கு பாரு, அது வெந்தயக் கலர்." தங்கை பெண்ணுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "தாத்தா எல்லாத்தையும் புடவையாவே பாக்கறாரு!" என்றவள், என்னிடம் கேட்டாள்: "பெரியம்மா, உங்க வீட்ல ஃபால் எப்போ?"

"நம்ம ஊர்ல ஏது கண்ணு அதெல்லாம்? மழை, வெயில் ரெண்டுதான்" என்று சொல்லிவிட்டேன். எவ்வளவு அவசரப்பட்டுச் சொன்ன பதில் என்பது பிறகுதான் தெரிந்தது.

எங்களுக்குப் பூர்வீகம் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம். வீட்டுக்கு வீடு தறிச் சத்தம் கேட்ட தெரு. 2003-ல் ஏனாத்தூரில் மனை வாங்கி வீடு கட்டியபோது, அம்மா முதல் வேலையாகப் பின்பக்கம் ஒரு வேப்பங்கன்று நட்டாள். வாசலில் பாதாம், காம்பவுண்ட் ஓரம் புங்கை, கிணற்றடியில் மா, முருங்கை, கறிவேப்பிலை எல்லாம் அதற்கப்புறம் வந்தவை. அம்மா போய் ஆறு வருஷம் ஆகிறது. அவள் போன அடுத்த வருஷமே அப்பா தறியைப் பிரித்துக் கொடுத்துவிட்டார். அதிலிருந்து பகலெல்லாம் வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டில்தான். மனசு உடைந்துதான் தறியை விட்டுவிட்டார் என்று நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டோம். அதைப் பற்றி அவரிடம் யாரும் கேட்கவில்லை.

கார்த்திகை மழை விட்ட சமயம். காலையில் துணி காயப்போடப் போனவள் நிமிர்ந்து பார்த்தேன். வேப்பமரத்தின் கொழுந்துகள் எல்லாம் தீயில் வாட்டியது மாதிரி கருகியிருந்தன. மார்கழி பிறப்பதற்குள் பாதி மரம் பழுப்பு நிறமாகிவிட்டது. தெருவில் இன்னும் இரண்டு வீட்டு வேப்பமரமும் அப்படியே.

சென்னையிலிருந்து வந்த தம்பி பார்த்தவுடனே சொன்னான். "அக்கா, மரம் பட்டுப்போச்சு. காத்தடிச்சா வீட்டு மேலதான் விழும். வெட்டிட்டா கார் நிறுத்தவும் இடம் கிடைக்கும்." மரம் வெட்டுகிறவரைக் கூட்டி வந்து இரண்டாயிரம் ரூபாய் அட்வான்ஸும் கொடுத்துவிட்டான்.

அப்பா வாய் திறக்கவில்லை. ஆள் போனபிறகு மெதுவாகச் சொன்னார்: "ஒத்தை மாமரத்தைச் சாமியாக் கும்பிடற ஊரு இது. ஏகாம்பரநாதர்ங்கற பேரே அந்த மரத்தால வந்ததுதான். சித்திரை வரட்டும், பார்க்கலாம்."

தம்பி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். எனக்கும் குழப்பம்தான். மரம் மேல் பாசம் இருக்கலாம், அதற்காக வீட்டின் மேல் விழுந்தால் யார் பொறுப்பு?

எதிர்வீட்டில் இருப்பவர் ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர். அவரைக் கூட்டி வந்து காட்டினேன். பார்த்தவுடனே சொல்லிவிட்டார், "இது நுனிக்கருகல் நோய்." போமாப்சிஸ் என்கிற பூஞ்சணம் கொழுந்தைத் தாக்குகிறது. தேயிலைக் கொசு என்கிற பூச்சி சாறு உறிஞ்சினால் பாதிப்பு இன்னும் அதிகமாகிறது. 2021-ல் தெலங்கானாவில் ஊர் ஊராக வேப்பமரங்கள் இப்படிக் கருகி, ஜனங்கள் பயந்து போனார்களாம். நன்றாக வேர் ஊன்றிய பெரிய மரம் பெரும்பாலும் இதிலிருந்து மீண்டு வந்துவிடும் என்றார்.

பிறகு அவர் காட்டிய ஒரு விஷயம்தான் எனக்கு மறக்கவே இல்லை. கருகிய கிளை ஒன்றைப் பிடித்து உலுக்கினார். காய்ந்த இலைகள் கொத்தாகத் தொங்கிக்கொண்டே இருந்தன. "பாத்தீங்களாம்மா, விழல. இலை தானா விழறதில்ல. மரம்தான் உதிர்க்குது. இலையில இருக்கற சத்தைத் திரும்ப எடுத்துக்கிட்டு, காம்பு அடியில ஒரு தடுப்பு கட்டி, அப்புறமா கழட்டி விடும். அதுக்கு உயிர் வேணும். செத்த கிளையால இலையை உதிர்க்கக்கூட முடியாது."

அப்புறம் கொஞ்சம் கீழே, பெரிய கிளையில் நகத்தால் லேசாகக் கீறினார். பட்டைக்கு அடியில் பச்சை. "உசுரு இருக்கு" என்றார். அப்பா என்னைப் பார்த்த பார்வையில், நான் முன்னாடியே சொல்லலையா என்பது தெரிந்தது.

கருகிய நுனிகளை மட்டும் ஆள் வைத்து வெட்டி எடுத்தோம். வெட்டிய குச்சிகளைத் தோட்டத்தில் போடாமல் தனியாக எரிக்கச் சொன்னார். மற்றபடி காத்திருக்க வேண்டியதுதான்.

அப்படிக் காத்திருந்ததில்தான் தோட்டத்தைப் பார்க்கவே ஆரம்பித்தேன். இத்தனை வருஷமாக விளக்குமாற்றோடு பார்த்த தோட்டம். தை கடைசியில் வாசல் பாதாம் மரத்தின் இலைகள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. என் உள்ளங்கையைவிடப் பெரிய இலை, அசல் அரக்கு நிறம். ஒன்றைத் துடைத்துத் தங்கை பெண்ணுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். மாசியில் புங்கை மஞ்சளாகி, பத்து நாளில் மொட்டையாக நின்றது. பல்கலைக்கழகப் பக்கம் போகும்போது பார்த்தால் அரசமரத்திலும் பாதி இலை இல்லை. பச்சைப் பயலைப் போல நின்றது மாமரம் மட்டும்தான். அது ஒரேயடியாக உதிர்ப்பதில்லை.

நம் பெரியவர்கள் பிரித்து வைத்த ஆறு பருவத்தில் இலையுதிர்காலம் என்று தனியாக ஒன்று இல்லை. பின்பனி என்று மாசி, பங்குனியைச் சொன்னார்கள். நம் ஊர் மரங்கள் உதிர்க்கிற காலம் பெரும்பாலும் அதுதான். மலைநாட்டில் பகல் குறைந்து குளிர் வருவது மரத்துக்கு அறிவிப்பு. இங்கே ஐப்பசி, கார்த்திகையில் பெய்த மழையின் ஈரம் மண்ணில் வற்றிக்கொண்டே வருவதுதான் அறிவிப்பு. இலை வழியாகத் தண்ணீர் வீணாகாமல் இருக்க, இருப்பதைக் கழற்றிவிட்டு மரம் சிக்கனமாக இருந்துகொள்கிறது.

மாசி பாதியில் வேப்பமரத்தின் மிச்ச இலைகளும் மஞ்சளாகி விழ ஆரம்பித்தன. தம்பி போனில், "நான் சொன்னேன்ல?" என்றான். எனக்கோ முதல்முறையாக இலை விழுவதைப் பார்த்துச் சந்தோஷம். தினமும் இரண்டு கூடை சருகு. எரிக்காமல் கிணற்றோரம் குழி வெட்டிப் போட்டு, மேலே கொஞ்சம் சாணித் தண்ணீர் தெளித்தேன். கறிவேப்பிலைக்கு உரமாகும்.

பங்குனி முதல் வாரம். காலையில் அப்பா, "இங்க வாம்மா" என்று கூப்பிட்டார். கட்டிலில் படுத்தபடியே மேலே கை காட்டினார். வெட்டிய கிளைகளின் ஓரத்தில் எல்லாம் துளிர். பச்சை இல்லை. செம்பு நிறம், வெயில் படும்போது ரோஸ் கலந்த மாதிரி ஒரு மினுமினுப்பு.

"மாந்தளிர் கலர்" என்றார் அப்பா. "இந்த உடலுக்கு இலைப்பச்சை பார்டர் வச்சு உங்கம்மாவுக்கு ஒரு புடவை நெஞ்சேன். ஞாபகம் இருக்கா?"

இருந்தது. அன்றைக்குத்தான் கேட்டேன், "ஏம்பா தறியைக் கொடுத்தீங்க?"

"கண்ணு மங்கிடுச்சும்மா. கோர்வையில இழை தப்ப ஆரம்பிச்சுது. தப்புத் தப்பா நெஞ்சு பேரைக் கெடுத்துக்கறதைவிட, நல்லா இருக்கும்போதே கைமாத்தி விட்டேன். அந்தத் தறியில இப்ப ஒரு பையன் நெய்யறான். போய்ப் பாத்துட்டுத்தான் வரேன் அப்பப்ப."

ஐந்து வருஷமாக நாங்கள் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்த விஷயம் இது. அடுத்த வாரமே கண் டாக்டரிடம் கூட்டிப் போனேன். புரை. ஒரு கண்ணில் ஆபரேஷன் முடிந்துவிட்டது.

ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு அன்று வேப்பம்பூ பச்சடிக்குக் கடையில் பூ வாங்கவில்லை. நம் மரத்திலேயே கிடைத்தது. குறைவுதான், ஒரு கைப்பிடி. தம்பியும் வந்திருந்தான். இலையில் பச்சடியைத் தொட்டு வைத்தபோது, "அட்வான்ஸ் கொடுத்த ரெண்டாயிரம் போச்சா?" என்று அப்பா கேட்க, அவன் சிரித்துவிட்டான். கார் இப்போது புங்கை நிழலில் நிற்கிறது. மேலே வெள்ளையும் ரோஸுமாகப் பூ கொட்டுகிறது என்று புகார் வேறு.

அன்று ராத்திரி தங்கை பெண்ணைக் கூப்பிட்டு, அக்டோபரில் சொன்ன பதிலைத் திருத்தினேன். "நம்ம ஊர்லயும் ஃபால் இருக்கு கண்ணு, மாசியில. ஒரே ஒரு வித்தியாசம். உங்க மலையில இலை போகும்போது சிவக்குது. இங்க பாதாமை விட்டுட்டா, வேம்பு, அரசு, மா எல்லாம் பிறக்கும்போதுதான் சிவப்பு."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அப்போ குட்டி இலைக்கு வெயில் சுடாம இருக்கவா பெரியம்மா?"

இளந்தளிரை வெயிலிலிருந்தும் பூச்சியிலிருந்தும் காப்பாற்றத்தான் அந்த நிறம் என்று எதிர்வீட்டுக்காரரும் சொல்லியிருந்தார். பத்து வயசுப் பிள்ளைக்கு எப்படித் தோன்றியதோ!

உங்கள் வீட்டு மரமும் மாசியில் மொட்டையாக நின்றால், கோடாலியைத் தேடுவதற்கு முன்னால் நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். பச்சை தெரிந்தால், சித்திரை வரை பொறுத்திருங்கள்.