எட்ட நிற்கும் கோபுரம்

"பேப்பரைப் பிரித்தால் வெட்டும் குத்தும், கதையிலாவது நிம்மதி தரக் கூடாதா?" என்று வாசகிகள் என்னைக் கேட்பதுண்டு. நியாயந்தான்.

பீகார் பூகம்பத்தையும் 1947 பிரிவினைக் கலவரத்தையும் 'அலை ஓசை'யில் எழுதிய கல்கி, 1950-ல் 'பொன்னியின் செல்வ'னைத் தொடங்கிச் சோழ நாட்டுக்குப் புறப்பட்டுவிட்டார். முன்னதற்குச் சாகித்திய அகாதமி 1956-ல் பரிசளித்தது. ஜனங்கள் மனத்தைப் பறிகொடுத்ததோ பின்னதற்கு!

ஆனால் அவர் உலகத்தை மறந்தா போனார்? நாடு குடியரசான வருஷத்தில் ஆரம்பித்த கதை, 'ஆளத் தகுந்தவர் யார்?' என்றல்லவா கேட்கிறது! அருள்மொழிவர்மர் மகுடத்தை விட்டுக்கொடுக்கும்போது, நாற்காலிக்கு அடித்துக்கொள்ளும் நம் காலம் எனக்குத் தெரிகிறது.

எட்ட நின்றால்தான் கோபுரம் முழுதாகக் கண்ணில் படும். ஆனால் வீடு இடிந்த அன்றைக்கே எட்டப் போய் நிற்க முடியுமா? அழுகிறவர் பக்கத்தில் முதலில் யாராவது உட்கார வேண்டாமா? 'அலை ஓசை'க்குப் பிறகு 'பொன்னியின் செல்வன்' வந்ததுதான் முறை என்பது என் கட்சி.